காதுக்குள் ஒரு சில்வண்டு

இரவு பதினோரு மணி. வாசல் கதவைத் தாழிட்டாயிற்று. பாலுக்கு உறை ஊற்றியாயிற்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. அப்போதுதான் ஆரம்பிக்கிறது அது. 'ஙொய்ய்ய்...' என்று சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். தோட்டத்திலிருந்து வருகிறதோ என்று ஜன்னலைச் சாத்துகிறீர்கள். நிற்கவில்லை. கடைசியில் இரண்டு காதையும் விரலால் அடைத்துக் கொள்கிறீர்கள். அடடா! சத்தம் குறைவதற்குப் பதிலாக இன்னும் பலமாகக் கேட்கிறதே! வண்டு தோட்டத்தில் இல்லை. உங்கள் காதுக்குள் இருக்கிறது.

இப்படி ஒரு வண்டை நான் இருபது வருஷமாக வளர்த்து வருகிறேன். "அநுபவம் உள்ளவர்களே எழுதுவதுதான் நியாயம்" என்று சொல்லி, ஆசிரியர் இந்த விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டார்.

ஏழு வயதில் மனக்கணக்கு ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். வாத்தியார் இடது கன்னத்தோடு காதையும் சேர்த்துப் பளாரென்று ஓர் அறை கொடுத்தார். கை காதை மூடிக்கொண்டு விழும்போது, உள்ளே அகப்பட்ட காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் சொன்னால் இன்னொன்று கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். சில நாளில் காதிலிருந்து சீழ் வந்தது. பாட்டி நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டோடு காதில் விட்டாள். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். பாசத்தோடுதான் விட்டாள். ஆனால் பறை கிழிந்த காதில் விடக்கூடாதது அது.

செவிப்பறை என்கிறோமே, அது எவ்வளவு பெரிது தெரியுமா? அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். கனம் 1 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வெங்காயச் சருகை நினைத்துக் கொள்ளுங்கள். சத்தம் வந்து மோதியதும் இது அதிர்கிறது. பின்னால் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்ச்சியை வாங்கி, நத்தைக் கூடு போல் சுருண்டிருக்கும் உட்காதுக்குக் கொடுக்கின்றன. அந்த மூன்றில் கடைசி எலும்புதான் நம் உடம்பிலேயே மிகச் சிறியது; சுமார் 3 மில்லிமீட்டர்தான். உட்காதில் மெல்லிய மயிர் முளைத்தது போன்ற அணுக்கள் ஏறக்குறைய 15,000 உண்டு. தலைமயிர் போனாலாவது முளைக்கும் என்று தைலம் விற்கிறார்கள். இவை போனால் போனதுதான். மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சரி, வெளியே சத்தமே இல்லாதபோது எங்கிருந்து சத்தம் வருகிறது? ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காவிட்டால் என்ன செய்கிறோம்? திருகாணியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுகிறோம். பாட்டு வருவதில்லை, 'உஸ்' என்ற இரைச்சல்தான் வருகிறது. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது என்று வைத்திய நிபுணர்கள் கருதுகிறார்கள். ஆகவே, "எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ?" என்று யாரும் பயப்பட வேண்டாம். 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்தார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்களாம்!

ஸ்மெதனா என்ற செக் நாட்டு சங்கீத மேதைக்கு 1874-ல் காது அடியோடு போயிற்று. தம் காதுக்குள் ரீங்காரமிட்ட சத்தத்தை அவர் சும்மா விடவில்லை. 1876-ல் இயற்றிய நால்வர் வாத்திய இசையின் கடைசிப் பகுதியில், பிடிலில் ஓர் உச்சஸ்தாயி ஸ்வரமாக நீளப் பிடித்து நிறுத்திவிட்டார். அவரால் அது முடிந்தது. என்னால் கட்டுரைதான் எழுத முடிகிறது.

ஆனால் இரைச்சலை விடப் பெரிய உபத்திரவம் ஒன்று எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. மாமியார் என்னை இடது பக்கத்திலிருந்து கூப்பிடுவார். நான் பேசாமல் கறிகாய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மறுபடி கூப்பிடுவார். பதில் இராது. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "படிச்ச பொண்ணு இல்லையா? நாம கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பாருங்கள், அது மட்டும் நல்ல காதுப் பக்கமாக விழுந்து தொலைத்தது! காது மந்தம் என்று சொல்ல வெட்கப்பட்டு, திமிர் பிடித்தவள் என்ற பெயரோடு நான் மூன்று வருஷம் காலம் தள்ளினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சமையலறையில் அழுதிருக்கிறேன்.

கடைசியில் என் கணவர்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார். சின்னக் குழாயும் வெளிச்சமும் வைத்துப் பார்த்துவிட்டு, "பறையின் நடுவில் ஓட்டை. அடிபட்டுக் கிழிந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். உங்களுக்குச் சீழ் பிடித்ததால் மூடவில்லை" என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "யாராவது அடித்தார்களா அம்மா?" என்றார். மனக்கணக்கு கதையைச் சொன்னேன். "நல்ல வேளை. கதவில் இடித்துக்கொண்டேன் என்று எத்தனையோ பெண்கள் வருகிறார்கள். கதவுக்கு ஐந்து விரல் கிடையாது" என்றார்.

காதின் மேலே உள்ள சதையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போட்டார்கள். ஜெர்மனியில் 1950-களில் வளர்ந்த சிகிச்சை முறை இது. ஓட்டை மூடியது, காதும் முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. வண்டு மட்டும் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஓட்டை இருந்த காலத்தில், வாஸலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. எண்ணெய் ஆகாது, கடையில் நாமாக வாங்கும் சொட்டு மருந்தும் ஆகாது, சிலது ஓட்டை வழியே போய் உட்காதையே கெடுத்துவிடும். ஹேர்பின் சமாசாரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. சொன்னாலும் கேட்கவா போகிறீர்கள்? ஆனால் இதை மட்டும் கேளுங்கள்: ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், துர்நாற்றத்தோடு சீழ், இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தக்கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

வண்டோடு தூங்க நான் கண்டுபிடித்த உபாயம் மின்விசிறி. நிசப்தம்தான் அதற்குப் பிடித்த இடம். பக்கத்தில் மெல்லிய சத்தம் ஒன்று இருந்தால் அடங்கிப் போகிறது. மார்கழிக் குளிரிலும் விசிறியைச் சுழலவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பேன். போன மார்கழியில் மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் குளிருல ஃபேன் எதுக்கு?"

"காதுல ஒரே இரைச்சல் அத்தை. இது ஓடினா அவ்வளவா தெரியாது."

அவர் சற்று நேரம் பேசவில்லை. கட்டிலில் என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"ஙொய்யுனு கேக்குமே, அதுவா? எனக்குப் பத்து வருஷமா கேக்குது. வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சு நான் யார்கிட்டயும் சொல்லலே."

அடுத்த வாரமே அவரை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.