1857 இற்குப் பின் டில்லி: குடிகள் துரத்தப்பட்ட நகரம்

சிப்பாய்க் கலகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்துடன் நின்றுவிடுகின்றனர். டில்லி மக்களின் பெருந்துயரோ போர் ஓய்ந்த பின்னரே ஆரம்பமானது.

1857 மே 11 ஆம் திகதி மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள், எண்பது வயதைக் கடந்த முகலாய மன்னர் பகதூர் ஷா ஸபரைத் தமது தலைவராக்கினர். நகரிலிருந்த ஐரோப்பியர் பலர், பெண்களும் சிறுவர்களும் உட்பட, அந்நாட்களில் கொல்லப்பட்டனர் என்பதையும் மறைத்தலாகாது. செப்டெம்பர் 14 ஆம் திகதி தாக்குதலைத் தொடங்கிய பிரித்தானியப் படைகள் ஒரு வாரத்தினுள் நகரைக் கைப்பற்றின. ஹுமாயூன் சமாதியில் மன்னர் சரணடைந்தார். மறுநாள் அவருடைய புதல்வர் இருவரையும் பேரன் ஒருவரையும் ஹொட்சன் என்ற அதிகாரி சுட்டுக்கொன்றார். அவர்களும் சரணடைந்தவர்களே.

மன்னர்மீது இராஜத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. 1765 இல் வங்காளத்தில் வரி அறவிடும் உரிமையை முகலாயப் பேரரசரிடமே பெற்றுக்கொண்ட கம்பனி, அவர் வழிவந்தவரைத் துரோகி என விசாரித்தது விந்தையான நீதியே. கண்டியின் இறுதி மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டமை போன்று, பகதூர் ஷா 1858 இல் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862 இல் அங்கேயே காலமானார்.

மன்னருக்கு விசாரணையாவது கிடைத்தது. குடிமக்களுக்கு அதுவும் இல்லை. எஞ்சியிருந்தோர் மதிலுக்கு வெளியே விரட்டப்பட்டு, குளிர்காலத்தைப் பாழடைந்த சமாதிகளிலும் திறந்தவெளியிலும் கழித்தனர். படையினர் சூறையாடிய வீடுகளைப் பின்னர் கொள்ளைப் பொருள் அதிகாரிகள் சுவரும் தரையும் தோண்டிச் சோதித்தனர். 1858 இன் முற்பகுதியில் இந்துக்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். முஸ்லிம்களுக்கோ அவ்வனுமதி நீண்டகாலம் மறுக்கப்பட்டது. தாம் நிரபராதி என நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் மீதே சுமத்தப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலகம் செய்த சிப்பாய்களுட் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவ்வாறிருந்தும் மன்னரின் விசாரணையில் அரச தரப்பு, இது முஸ்லிம்களின் சதியே என வாதிட்டது. ஒன்றாக எழுந்தவர்களைப் பிரித்துத் தண்டிப்பதற்கு அவ்வாதம் வசதியாயிருந்தது.

கவிஞர் காலிப் தப்பியது தற்செயலே. அவர் வசித்த பல்லிமாரான் பகுதித் தெருவுக்கு, பிரித்தானியருக்குத் துணைநின்ற பட்டியாலா மன்னரின் காவலர் பாதுகாப்பளித்தனர். எனினும் அவரது ஓய்வூதியம் 1860 வரை நிறுத்தப்பட்டிருந்தது. நண்பர்களை இழந்த நகரத்தின் துயரம் அக்கால அவரது உருதுக் கடிதங்களில் நிறைந்துள்ளது.

நகரின் தோற்றமும் மாற்றப்பட்டது. செங்கோட்டையினுள் அரண்மனைக் கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுப் படையினர் விடுதிகள் எழுந்தன. கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் அக்பராபாதிப் பள்ளிவாசலும் தரைமட்டமாயின. ஸீனத்துல் மஸாஜித் ரொட்டி சுடும் இடமாயிற்று. படையினர் தங்கியிருந்த ஜும்ஆப் பள்ளிவாசல் 1862 இல் நிபந்தனைகளுடன் திருப்பியளிக்கப்பட்டது. ஃபதேபூரிப் பள்ளிவாசலை ஏலத்தில் வாங்கியவர் லாலா சுன்னாமல் என்ற வணிகர். முஸ்லிம்கள் அதனை மீளப்பெற்றது 1877 இலேயாகும். விக்டோரியா இந்தியாவின் பேரரசி என டில்லி தர்பாரில் பிரகடனம் செய்யப்பட்டதும் அவ்வாண்டிலேயே.