முன்கதை தெரிந்த மூளை

குத்தாலம் உக்தவேதீசுவரர் கோயிலில், தலமரமான உத்தாலத்தின் அடியில் இறைவனின் பாதரட்சைகள் இருக்கின்றன. கதை தெரியாதவர் கண்ணுக்கு அவை ஒரு ஜோடிப் பாதரட்சை, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்துப் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவருக்கோ அங்கே ஒரு கல்யாணத்தின் நிச்சயதார்த்தமே தெரியும்.

அந்தக் கதை ஒரே ஊரில் முடிவதில்லை. தேரழுந்தூரில் அம்மையும் அப்பனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். நடுவராக இருந்த திருமால் சிவன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, அம்மை சினந்து, பசுவாகும்படி சாபம் பெறுகிறாள். அந்தப் பசுவின் குளம்பு பட்ட தழும்பு திருக்கோழம்பத்து லிங்கத்தில் உண்டு என்பார்கள். திருவாவடுதுறையில் பசு உருவம் நீங்குகிறது. குத்தாலத்தில் அவள் பரத முனிவரின் மகளாக வளர்கிறாள். மணக்க வந்த சிவனிடம், பெரியவர்கள் அறிய முறைப்படிதான் கல்யாணம் என்கிறாள். அப்படியே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், அதற்குச் சாட்சியாக உத்தால மரத்தையும் பாதரட்சைகளையும் விட்டுச் செல்கிறார். ஆற்றுக்கு அக்கரையில் எதிர்கொள்பாடியில் முனிவர் மாப்பிள்ளையை எதிர்கொள்கிறார். திருவேள்விக்குடியில் மணவேள்வி நடக்கிறது. திருமணஞ்சேரியில் திருமணம். காவிரியின் இரு கரையிலுமாக ஏழு ஊர்கள்; எல்லாம் சேர்ந்து ஒரு கதை.

பக்தருக்கு இது வழிபாடு. சினிமாவோடு சேர்த்து எடைபோட அல்ல, மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவே இதை முதலில் சொன்னேன். ஏனென்றால் இதே வேலையைத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் இப்போது கண்முன் காட்டுகின்றன. லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019 தீபாவளிக்கு வந்தது. 2022 ஜூனில் 'விக்ரம்', 2023 அக்டோபரில் 'லியோ'. மூன்றும் ஒரே உலகில் நடப்பவை. அந்த உலகத்தை ரசிகர்கள் எல்சியு என்று அழைக்கிறார்கள். 'லியோ'வில் கதாநாயகன் பார்த்திபனின் வீட்டுக்குக் காவலாக ஒரு வயதான போலீஸ்காரர் வருகிறார். வேறு படமாக இருந்தால் அவரை யாரும் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் 'கைதி'யில் கமிஷனர் அலுவலகத்தைக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து ஒரு ராத்திரி முழுவதும் காத்து நின்ற நெப்போலியன். முந்தைய படத்தைப் பார்த்தவர்கள் விசில் அடிக்கிறார்கள். பார்க்காதவர் ஏன் இத்தனை ஆரவாரம் என்று பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கிறார். இருவர் கண்ணிலும் விழுந்தது அதே ஒளி, காதில் விழுந்தது அதே ஒலி. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேராகவே பதில் தேடியது. யாரா யெஷுருன், யூரி ஹாசன் ஆகியோரின் குழு, ஜே.டி. சாலிஞ்சரின் சிறுகதை ஒன்றைச் சற்று மாற்றி, ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒலிபரப்பியது. ஒரு பிரிவினரிடம், மனைவி கணவனை ஏமாற்றுகிறாள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மற்றப் பிரிவினரிடம், மனைவி மேல் தவறில்லை, கணவனுக்குத்தான் வீண் சந்தேகம் என்று சொல்லியிருந்தார்கள். ஒலியை முதலில் வாங்கும் மூளைப் பகுதிகள் இரு பிரிவினரிடமும் ஒரே மாதிரி இயங்கின. அதற்கு மேலே, நெடுங்கதையைக் கோத்துப் பொருள் கொள்ளும் பகுதிகளில்தான் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே முன்கதையைக் கேட்டவர்களின் மூளைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. வேறு முன்கதை கேட்டவர்களோடு ஒக்கவில்லை. முன்பின் தெரியாத ஐந்நூறு பேர் ஒரே நொடியில் கைதட்டுவது எனக்கு இதைப் படித்த பிறகு இன்னும் பெரிய அதிசயமாகத் தெரிகிறது. அவர்களை ஒன்றாக்குவது திரையில் ஓடும் படம் மட்டுமல்ல. நான்கு வருடத்துக்கு முன் தனித்தனியாகப் பார்த்த படமும்தான்.

முன்கதை எப்போது தெரிந்தது என்பதும் முக்கியம். 1972-இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சொல்லும் எளிமையானது. மொத்தத்தில் என்ன சொல்கிறது என்றுதான் புரியாது. துணி துவைப்பதைப் பற்றியது அது. தலைப்பை முன்னாலேயே சொல்லிவிட்டால், தலைப்பே சொல்லப்படாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு செய்திகள் நினைவில் நின்றன. படித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால் பயன் ஒன்றும் இல்லை. நினைவு பதியும் நேரத்திலேயே கொக்கி இருக்க வேண்டும். 'விக்ரம்' வெளியாவதற்கு முந்தைய நாள், 'கைதி'யை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று லோகேஷ் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டாரே, அதை விளம்பர உத்தி என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆய்வகம் அரை நூற்றாண்டுக்கு முன் கண்டறிந்ததும் அதுவே.

அடுத்தது பரவசம். 'விக்ரம்' கடைசியில் ரோலெக்ஸ் என்ற வில்லனாக சூர்யா வரும் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். அவர் நடிக்கிறார் என்பது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. எப்போது வருவார், எவ்வளவு கொடியவராக வருவார் என்பதுதான் தெரியாது. குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பல்லாண்டு ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடிக்கின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் அமைதியாக இருக்கின்றன. எதிர்பார்த்தது கிடைக்காமல் போனால், வழக்கமான துடிப்பும் அடங்கிவிடுகிறது. 2003-இல் அவர் குழு இன்னொன்றையும் கண்டது: கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்துத் துடிப்பு உச்சத்தில் நிற்கிறது. குரங்கின் பழச்சாறும் ரசிகரின் ரோலெக்ஸும் ஒன்றல்ல. ஆனாலும் பாதி தெரிந்த நிலைதான் அதிகம் இழுக்கிறது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது. 'லியோ' முடிவில் தொலைபேசியில் 'விக்ரம்' நாயகன் கமலின் குரல் மட்டும் கேட்டபோது சிலர் துள்ளியதற்கும், இவ்வளவுதானா என்று சிலர் சோர்ந்ததற்கும் இதில் விளக்கம் உண்டு. கேட்ட குரல் ஒன்று. அவரவர் கொண்டுவந்த எதிர்பார்ப்பு வேறு.

தொடர்ச்சி பிசகினால் வரும் கோபத்தைப் பலர் சிறுபிள்ளைத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'லியோ'வின் முன்கதைக் காட்சிகள் விமர்சிக்கப்பட்டபோது, அது ஒரு பாத்திரம் தன் பார்வையில் சொன்ன கதை, முழுக்க உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று இயக்குநர் விளக்கினார். ஏற்கெனவே மனத்தில் பதிந்ததைத் திருத்தச் சொல்லும் விளக்கம் இது. பழைய நினைவைத் திருத்துவது மூளையால் முடியாத காரியமல்ல: எலிகளின் அச்ச நினைவை எழுப்பினால் அது மறுபடி இளகி, திரும்பவும் உறைய வேண்டியிருக்கிறது என்று கரீம் நாடர் குழு 2000-இல் காட்டியது. ஆனால் கதையில் அந்தத் திருத்தத்துக்கு ரசிகர் காரணம் கேட்பார். கேட்கும் உரிமை கவனமாகப் பார்த்தவருக்கு உண்டு.

காரணம் வலுவாக இருந்தால் தமிழர் திருத்தத்தை மனமார ஏற்றிருக்கிறார்கள். அதற்குச் சான்றும் குத்தாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சொக்கட்டான் ஆடிய அதே தேரழுந்தூர்தான் கம்பர் பிறந்த ஊர். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரிலோ அவளைத் தீண்டாமல், பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். வில்லை ஒடிக்கும் முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துவிடுவதும், விபீடணன் வாயிலாக வரும் இரணியன் வதையும் வால்மீகியில் இல்லாதவை. மூலத்தை அறிந்தவர்கள் இந்த மாற்றங்களைப் பிழை என்று தள்ளவில்லை. தீண்டாமல் எடுத்தான் என்பதால், முன்னும் பின்னும் வரும் சீதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் கூடுகிறது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை ஆழப்படுத்தினால் அது தொடர்ச்சி. முன்னதை வெறுமையாக்கினால் அது பிசகு. எல்சியு பற்றி வாதிடும் ரசிகர்கள் அளவுகோல் இல்லாமல் பேசவில்லை. இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

டெல்டாப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் 'விக்ரம்' வசனங்களை ஒப்பிக்கும் பிள்ளை இருந்தால், இந்த ஏழு ஊர்களுக்கும் அழைத்துப்போங்கள். தேரழுந்தூரில் தொடங்கித் திருமணஞ்சேரியில் முடியுங்கள். கதையைப் பேருந்து ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். கோயில் வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.