கஞ்சன் ஸ்க்ரூஜும் 'உபரி' ஜனங்களும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் நம் குழந்தைகள் படிக்கும் கான்வென்ட் பள்ளிகளில் நாடக ஒத்திகை களைகட்டிவிடும். ஒரு பையன் உடம்பெல்லாம் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பேயாக வருவான். இரவுக் குல்லாய் போட்ட இன்னொரு பையன் கட்டிலில் உட்கார்ந்து நடுங்குவான். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதைதான். கருமி திருந்திய கதை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, நாம் மார்கழிக் கோலத்தையும் வெண்பொங்கலையும் கவனிக்கப் போய்விடுகிறோம்.

ஒத்திகை முடிந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மாமா, ஸ்க்ரூஜ் அப்படி என்ன தப்பு பண்ணிட்டான்? திருடலை, பொய் சொல்லலை. வரி கட்டறான். பேசின சம்பளத்தைக் குடுக்கறான். அவன் காசு அவனோடதுதானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோது தெரிந்தது: 1843 முதல் இன்றுவரை அரசியல்வாதிகளும் பொருளாதாரம் படித்தவர்களும் இந்தக் கதையை வைத்துப் போடும் சண்டை இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லண்டனில் எபனேசர் ஸ்க்ரூஜ் ஒரு வியாபாரி, வட்டிக்கும் விடுபவர். அவரிடம் வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் க்ராட்சிட். குளிர் காய ஒரு துண்டுக் கரிக்கு மேல் கிடைக்காது. கிறிஸ்துமஸுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கேட்டால், அது தம் சட்டைப்பையில் கை வைப்பதுபோல் என்று முதலாளி முணுமுணுக்கிறார். டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் காலம் தள்ளிய நம் முந்தைய தலைமுறைக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பாபின் கடைசிப் பிள்ளை டிம் நடக்க முடியாதவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, செத்துப்போன கூட்டாளி மார்லி பேயாக வந்து எச்சரிக்கிறான். பிறகு மூன்று ஆவிகள் வந்து நேற்று, இன்று, நாளை மூன்றையும் காட்டுகின்றன. விடிந்ததும் ஸ்க்ரூஜ் ஆளே மாறிப்போய் பாப் வீட்டுக்கு வான்கோழி வாங்கி அனுப்புகிறார், சம்பளத்தை உயர்த்துகிறார்.

இதைக் குழந்தைகளுக்காக எழுதிய கதை என்று நினைப்பவர்கள் அது பிறந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்கூடங்களில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரின் நிலை பற்றிய அரசாங்க ஆணையத்தின் இரண்டாவது அறிக்கை 1843இல் வந்தது. அதைப் படித்த டிக்கன்ஸ் கொதித்துப்போனார். அவருக்கு அது வெறும் புள்ளிவிவரம் இல்லை. 1824இல் தந்தை கடனுக்காகச் சிறையில் கிடந்தபோது, 12 வயது டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் தயாரிக்கும் கிடங்கில் வாரம் 6 ஷில்லிங்குக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம் என்றுதான் முதலில் எண்ணினார். செப்டம்பரில், லண்டன் சேரியில் கந்தல் பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். அக்டோபர் 5ஆம் தேதி மான்செஸ்டரில் கல்வி பற்றிப் பேசினார். ஏங்கெல்ஸ் அந்த நாட்களில் அதே ஊரில்தான், தொழிலாளர் நிலை பற்றிய தம் புத்தகத்துக்காகத் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பிரசுரத்தைவிடக் கதை பலமாக அடிக்கும் என்று முடிவுசெய்த டிக்கன்ஸ், ஆறு வாரத்தில் எழுதி முடித்தார். டிசம்பர் 19இல் வெளியான 6,000 பிரதிகள் பண்டிகைக்குள் தீர்ந்துவிட்டன. விலை 5 ஷில்லிங், அதாவது பாப் க்ராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! அவனால் வாங்கியிருக்க முடியாது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். கதையின் தொடக்கத்தில் ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இரண்டு கனவான்கள் வருகிறார்கள். ஸ்க்ரூஜ் காசு இல்லை என்று சொல்லவில்லை. சிறைச்சாலைகள் நடக்கவில்லையா, வொர்க் ஹவுஸ்கள் இல்லையா என்று கேட்கிறார். அவற்றுக்குத் தாம் செலுத்தும் வரியே போதும் என்கிறார். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைப்பதாக வந்தவர்கள் சொல்ல, அப்படியானால் செத்து உபரி ஜனத்தொகையைக் குறைக்கட்டும் என்கிறார்.

இந்தப் பேச்சு ஒரு தனிமனிதனின் கொடூரம் அல்ல. அன்றைய சட்டத்தின் குரல் அது. 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், உதவி வேண்டுவோர் வொர்க் ஹவுஸுக்குள் வந்துவிட வேண்டும் என்ற கொள்கையில் அமைந்தது. உள்ளே புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்பார்கள். வெளியில் மிகக் குறைந்த கூலி வாங்குபவனின் வாழ்க்கையைவிட உள்ளே வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதி. 1845இல் ஆண்டோவர் என்ற ஊரின் வொர்க் ஹவுஸில், உரத்துக்காக இடிக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைப் பசி தாங்காமல் தின்றார்கள் என்பது வெளியாகி நாடே வெட்கப்பட்டது. இதற்கெல்லாம் அறிவுப் பின்னணியாக இருந்தவர் மால்தஸ். ஜனத்தொகை பெருக்கல் கணக்கிலும் உணவு கூட்டல் கணக்கிலும் வளர்கிறது என்று 1798இல் எழுதியவர். ஸ்க்ரூஜ் படித்த மனிதர்களின் பேச்சைத்தான் திரும்பச் சொல்கிறார்.

டிக்கன்ஸ் செய்த காரியம் என்ன? 'உபரி' என்ற எண்ணுக்கு டிம் என்று ஒரு பெயர் வைத்தார். பையன் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் பதறும்போது, ஆவி அவருடைய வார்த்தைகளையே அவர் முகத்தில் எறிகிறது. பிறகு தன் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது. பெண் வறுமை, பையன் அறியாமை. பையனிடம்தான் அதிகப் பயம் வேண்டும் என்கிறது ஆவி. சேரிப் பள்ளியில் பார்த்த முகங்கள் அவை. பள்ளி நாடகங்களில் நேரம் போதாமல் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடம்தான். கதையின் முதுகெலும்பு போய்விடுகிறது.

எளிதில் கண்ணில் படாத அரசியல் ஒன்றும் உண்டு. அடுப்பு வசதி இல்லாத ஏழைகள், நாம் மாவரைக்க மில்லுக்குப் போவதுபோல, பண்டிகை உணவை ரொட்டிக் கடை அடுப்பில் வேகவைத்துக்கொள்ளத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடைகளை மூடச் சொல்வது உங்கள் ஆட்கள்தானே என்று ஸ்க்ரூஜ் ஆவியையே மடக்குகிறார். ஓய்வு நாளின் புனிதத்தைக் காக்க சர் ஆண்ட்ரூ ஆக்னியூ 1830களில் பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த மசோதாவின் மேல் விழுந்த குட்டு அது. வேலைக்காரனை வைத்திருப்பவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் சூடான சாப்பாடு உண்டு, ஏழைக்குத்தான் இல்லை. எங்கள் பெயரைச் சொல்லிப் பிறர் செய்வதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது ஆவியின் பதில். மதத்தின் பெயரால் சட்டம் போடுகிறவர்களை இவ்வளவு நாசூக்காகக் கண்டித்தவர்கள் குறைவு.

கதை வந்த சில மாதங்களில் எதிர்ப்பும் வந்தது. 1844இல் வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ பத்திரிகை, பாபுக்கு வான்கோழி கிடைத்தால் வேறு யாருக்கோ அது கிடைக்காமல் போயிருக்குமே, அந்தக் கணக்கை ஆசிரியர் மறைக்கிறாரே என்று கேட்டது. 160 வருஷம் கழித்து, 2004இல், அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டீவன் லாண்ட்ஸ்பர்க் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டார். விளக்கும் கரியும் எரிக்காத கருமி, அவற்றைப் பிறருக்கு விட்டுவைக்கிறான், ஆகவே அவனே பெரிய தர்மவான் என்பது அவர் வாதம். நடுவில் 1983 டிசம்பரில், ஜனாதிபதி ரீகனின் ஆலோசகர் எட்வின் மீஸ், இலவச உணவுக்கூடங்களுக்குச் சிலர் போவது சாப்பாடு சும்மா கிடைக்கிறது என்பதால்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பத்திரிகையாளர்களிடம், ஸ்க்ரூஜுக்கு வீணாகக் கெட்ட பெயர் வந்துவிட்டது, பாபின் சம்பளம் அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம்தான் என்று பாதி வேடிக்கையாகப் பேசினார்.

இடதுசாரிகளுக்கும் திருப்தி இல்லை. டிக்கன்ஸின் இன்னொரு கிறிஸ்துமஸ் கதை மாஸ்கோவில் நாடகமாக நடந்தபோது, அதன் உருக்கம் தாங்காமல் லெனின் பாதியில் எழுந்து போய்விட்டாராம். ஜார்ஜ் ஆர்வெல் 1940இல் எழுதிய நீண்ட கட்டுரையில், டிக்கன்ஸ் கேட்பது அமைப்பு மாற்றத்தை அல்ல, மனமாற்றத்தை என்றார். நியாயமான குற்றச்சாட்டு. கடைசிப் பக்கத்திலும் ஸ்க்ரூஜ் முதலாளிதான், பாப் குமாஸ்தாதான். ஆனால் அந்த மனமாற்றக் கோரிக்கை மேலுக்குத் தோன்றுமளவு வெற்று வார்த்தையும் அல்ல என்று ஆர்வெலே சேர்த்துக்கொண்டார்.

மனம் மாறினால் போதுமா, சட்டம் மாற வேண்டுமா? இதைச் சோதித்துப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டாம். நம் கொல்கத்தாவிலிருந்து புறப்பட்டுச் சென்னை போனால் போதும்.

1873-74இல் பீகாரில் பஞ்சம். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரான சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து நாலு லட்சம் டன்னுக்கு மேல் அரிசி தருவித்தார். தாராளமாக நிவாரணம் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டவில்லை; அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அவரைக் கண்டித்தார்கள். பிறகு வந்தது நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கும் தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டில்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்தார். அதே மாதம் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்தத் தடவை டெம்பிள் உஷார்! நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆளுக்குத் தானியம் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, சுமார் 450 கிராம், கூடச் சில்லறைக் காசு. மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உயிரைக் காக்காது என்று போராடினார். அந்த ஆண்டே அளவைக் கூட்ட வேண்டி வந்தது. சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச கால உழைப்பில் வெட்டியதுதான். மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி முதலானோர் முயன்று இங்கிலாந்து மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். லிட்டனுக்கு அந்த வசூல் பிடிக்கவில்லை. நாடு முழுவதும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஜனத்தொகை உணவை மிஞ்சி வளர்கிறது என்ற வாதத்தை லிட்டனும் சொன்னார். மால்தஸ் 1805 முதல் 1834 வரை கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றும் ஹெய்லிபரி கல்லூரியில்தான் பேராசிரியராக இருந்தார். டெம்பிளும் பின்னாளில் அங்கே படித்தவர்தான்.

மூன்றே வருஷத்தில் தாராளி கருமியானான்: டிக்கன்ஸின் கதை தலைகீழாக நடந்தது. டெம்பிளுக்கு இதயம் இல்லாமல் இல்லை, பீகாரில் அதைப் பார்த்தோம். இதயத்தைத் தண்டிக்கும் கணக்குப் புத்தகம் மேலே இருந்தது. ஆர்வெல் கேட்டது சரி என்று எனக்குப் படுவது இங்கேதான். எனினும் 'உபரி' என்ற சொல்லைக் கேட்டதும் யாருடைய பிள்ளை என்று கேட்கும் பழக்கம் அந்தக் கணக்கர்களுக்கு இருந்திருந்தால், அந்த ஒரு பவுண்டு அளவை எழுதக் கை வந்திருக்குமா?

இதில் ஒரு விசித்திரம். இந்த லிட்டன், நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் மகன். புல்வர் லிட்டன் டிக்கன்ஸின் நெருங்கிய நண்பர். டிக்கன்ஸ் தம் கடைசி மகனுக்கு அவர் பெயரையே வைத்தார். வைஸ்ராயாகப் போகிறவர் கதை எழுதியபோது, டிக்கன்ஸ் அதைத் தம் பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்.

டிக்கன்ஸ் 1870இல் காலமாகிவிட்டதால் தாது வருஷத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. ஏனெனில் 1857 அக்டோபரில், சிப்பாய்க் கிளர்ச்சியின் செய்திகளைப் படித்த கோபத்தில், ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், தாம் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்துவிட முயல்வேன் என்ற பொருளில் எழுதினார். டிம்முக்காக அழவைத்த அதே பேனாதான். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதை மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தோழி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ், பெரும் பணக்காரர், பெரும் தர்மசாலி. அவர் சிபாரிசில்தான் டிக்கன்ஸின் மகன் வால்டர் 1857இல், 16 வயதில், கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தான். கடனும் நோயுமாக, ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில், 1863 டிசம்பர் 31 அன்று கொல்கத்தாவில் இறந்தான். வயது 22. செய்தி தந்தைக்கு எட்டியது 1864 பிப்ரவரி 7, டிக்கன்ஸின் பிறந்த நாளில். கடன் பில்களும் பின்னாலேயே போயின.

வால்டரைப் புதைத்தது பவானிப்பூர் கல்லறையில். பெயர் பொறித்த கல்லைப் பின்னாளில் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மல்லிக் பஜார் முனைக்குப் பக்கத்தில்தான். பண்டிகை லீவில் விளக்கு அலங்காரம் பார்க்கப் பார்க் ஸ்ட்ரீட் போகிறவர்கள், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால் குழந்தைகளுக்கு அதையும் காட்டிவிடலாம். ஏழாம் வகுப்புப் பெண்ணை நான் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய கேள்விக்கு மிச்சப் பதிலை அங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டும்.