நேபாளத்தின் நீர்மின்சாரம்: மழைக்கால மிகுதியும் குளிர்காலப் பற்றாக்குறையும்

பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியதும், மக்கள்தொகையில் மூன்று கோடியைத் தொடாததுமான நேபாளத்தில், தோண்டி எடுத்து எரிப்பதற்குப் பெட்ரோலிய எண்ணெய் இல்லை. நிலக்கரியும் சொல்லும்படியாக இல்லை. ஆயினும் தெற்கே நூறு மீட்டர் உயரத்தை எட்டாத தராய்ச் சமவெளியில் தொடங்கி, வடக்கே எட்டாயிரம் மீட்டரைக் கடக்கும் இமயச் சிகரங்கள்வரை, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் அகலத்துக்குள் நிலம் எழும்பி நிற்பதால், பனி உருகியும் மழை பெய்தும் பெருகும் கோசி, கண்டகி, கர்ணாலி ஆறுகளின் நீர் மிகுந்த விசையோடு கீழிறங்குகிறது. நீர்மின்சாரத்துக்கு அடிப்படையாக வேண்டியவை இரண்டு: நீரின் அளவும் அது விழும் உயரமும். உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் சுழலியைச் சுற்ற, சுழலியோடு பிணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. நீரும் உயரமும் ஒருசேர வாய்த்த நாடுகளில் நேபாளம் முன்வரிசையில் நிற்கிறது.

இந்த வளத்தை முதலில் கணக்கிட்டவர் ஹரிமான் சிரேஷ்டா என்ற நேபாளப் பொறியாளர். 1966-இல் அவர் தம் ஆய்வில் கண்ட 83,000 மெகாவாட் என்ற எண் இன்றும் நேபாளப் பாடநூல்களிலும் அரசியல் மேடைகளிலும் ஒலிக்கிறது. அது எல்லா ஆறுகளின் எல்லா நீரையும் ஒரு சொட்டும் வீணாக்காமல் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய கோட்பாட்டளவிலான எண் என்பதும், கட்டுப்படியான செலவில் பெறக்கூடியது அதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதும் மேடைகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நாட்டின் நிறுவுதிறன், அதாவது எல்லா இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடினால் கிடைக்கும் மின்திறன், 2024-இல்தான் 3,000 மெகாவாட்டைத் தாண்டியது.

இத்தனைக்கும் நேபாளம் தாமதமாகத் தொடங்கவில்லை. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் எடுக்கப்பட்டு ஒன்பதே ஆண்டுகளில், 1911-இல், காட்மாண்டுவுக்குத் தெற்கே பார்பிங்கில் 500 கிலோவாட் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ராணா ஆட்சியாளர்களின் அரண்மனைகளுக்காக எழுந்த அந்தத் தொடக்கம் ஊர்களை நோக்கி நகரவில்லை. பின்வந்த காலத்தில் முதலீடு இல்லாமையும் நிலையற்ற அரசியலும் தடையாயின. கிழக்கு நேபாளத்தின் அருண்-3 திட்டத்துக்கு அளிக்கவிருந்த நிதியை, சிறிய நாட்டுக்கு அது தாங்கமுடியாத சுமை என்ற எதிர்ப்புக்கிடையே, உலக வங்கி 1995-இல் விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போர் பத்தாண்டு நீடித்தது. போர் முடிந்து மக்கள் தேவை பெருகத் தொடங்கிய வேளையில், 2008 ஆகஸ்டில் கோசி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்து, இந்தியாவிலிருந்து மின்சாரம் கொண்டுவந்த கோபுரங்களையும் சாய்த்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் காட்மாண்டுவில் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது.

2016-இல் மின்சார ஆணையத்தின் தலைமைக்கு வந்த குல்மான் கிசிங் சில மாதங்களிலேயே தலைநகரின் மின்வெட்டை முடிவுக்குக் கொண்டுவந்தார். புதிய அணைகள் எவையும் அந்தச் சில மாதங்களில் முளைத்துவிடவில்லை. பெரிய ஆலைகளுக்குத் தனித் தடங்களில் ஓயாது சென்ற மின்சாரத்தை நேரப்படி முறைப்படுத்தியதும், தால்கேபர்–முசாபர்பூர் உயரழுத்தத் தடம் வழியாக இந்தியாவிலிருந்து கூடுதலாக வாங்கியதுமே அதன் பின்னணி. உற்பத்தியைப் போலவே பங்கீடும் நிர்வாகமும் மின்சாரத் துறையின் உயிர்நாடி என்பதை வளரும் நாடுகள் இந்த நிகழ்விலிருந்து அறிந்துகொள்ள வேண்டும்.

புதிய நிலையங்கள் அதற்குப் பிறகு விரைந்து வந்தன. தனியார் மின்னுற்பத்திக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வழியில் நேபாள வங்கிகளின் பணமும் சிறு சேமிப்பாளர்களின் பணமும் ஆறுகளை நோக்கிச் சென்றன. 2021-இல் இயங்கத் தொடங்கிய 456 மெகாவாட் திறனுள்ள மேல் தாமாகோசி நிலையம், வெளிநாட்டுக் கடனின்றி, ஊழியர் சேமநிதி போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பணத்தால் கட்டப்பட்டது. அது அமைந்துள்ள தோலகா மாவட்டத்து மக்களுக்கும் அதில் பங்குகள் ஒதுக்கப்பட்டன. தங்கள் ஆற்றின் வருவாயில் மலைமக்களுக்கும் உரிமை உண்டு என்பதை ஏட்டளவில் நிறுத்தாமல் பங்குப் பத்திரமாகவே கையில் தந்த இந்த ஏற்பாடு, நேபாளத்தின் மின்துறை வரலாற்றிலேயே மிகவும் போற்றத்தக்கது.

இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது பருவத்தைப் பற்றியது. நேபாளத்தின் ஆண்டு மழையில் ஐந்தில் நான்கு பங்கு சூன் முதல் செப்டம்பர்வரையான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. நாட்டின் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை பெரிய அணை கட்டி நீரைத் தேக்காமல், ஆற்றின் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியே திருப்பிச் சுழலியில் விழச்செய்து மீண்டும் ஆற்றிலேயே விடும் வகையைச் சேர்ந்தவை. களஞ்சியம் இல்லாத உழவர் அன்றன்றைய விளைச்சலை அன்றன்றே விற்றுவிட வேண்டியிருப்பதுபோல், இவையும் அன்று வரும் நீரை அன்றே மின்சாரமாக்க வேண்டும். ஆறு மெலியும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் உற்பத்தி நிறுவுதிறனில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடுகிறது; குளிரோ அப்போதுதான் கடுமை. 1982 முதல் இயங்கும் குலேகானி ஒன்றே பருவம் விட்டுப் பருவம் நீரைக் காத்துவைக்கும் நிலையமாக நெடுங்காலம் இருந்துவருகிறது. 1,200 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்ட புடிகண்டகி அணை பல்லாயிரம் பேரை இடம்பெயர்க்கும் என்பதாலும், யார் கட்டுவது என்பதில் அரசுகள் மாறிமாறி முடிவெடுத்ததாலும் ஆண்டுக்கணக்காகத் தாமதமாகிவருகிறது.

மழைக்காலத்தில் மிஞ்சுவதை விற்கும் முயற்சி 2021-இல் இந்திய மின்சாரச் சந்தையில் தொடங்கியது. பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் அளவுக்கு வாங்குவதென்று 2024 சனவரியில் இந்தியா உடன்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இந்தியக் கம்பிகள் வழியே வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் சென்றது. தெற்காசியாவில் ஒரு நாட்டின் மின்சாரம் இரண்டாவது நாட்டைக் கடந்து மூன்றாவது நாட்டை அடைந்தது பாராட்டத்தக்க தொடக்கமே. எனினும் சீன முதலீடு உள்ள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. மழைக்காலத்தில் விற்கும் நேபாளம் குளிர்காலத்தில் அதே இந்தியாவிடமிருந்து வாங்கவும் வேண்டியிருக்கிறது. ஒரே பெரிய வாங்குநரை நம்பிய விற்பனையில் விலையும் நிபந்தனையும் விற்பவர் கையில் இருப்பது அரிது.

நாட்டுக்குள்ளேயோ இந்த மின்சாரத்துக்குப் பெரும் தேவை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 92 வீடுகளில் மின்விளக்கு எரிகிறது. ஆனால் மின்சாரத்தால் சமைக்கும் வீடுகள் இருநூற்றில் ஒன்றுதான். பாதி வீடுகளில் விறகு அடுப்பும், நூற்றுக்கு 44 வீடுகளில் எரிவாயு அடுப்பும் எரிகின்றன. விறகு சுமக்கும் உழைப்பும் புகையால் வரும் நுரையீரல் நோயும் பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகின்றன. எரிவாயு முழுவதும் வெளியிலிருந்து வருவது. பெட்ரோல், டீசலோடு சேர்த்து அதற்கு நாடு செலவிடும் தொகை மின் ஏற்றுமதி வருவாயைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். 2015-இல் எல்லைப் போக்குவரத்து மாதக்கணக்கில் தடைபட்டபோது, எரிவாயு உருளை கிடைக்காத நகரத்துக் குடும்பங்கள் மின்னடுப்பு வாங்க விரைந்தன. தடை நீங்கியதும் மீண்டும் உருளைக்கே திரும்பின. காரணம் பழக்கம் மட்டுமன்று. வீட்டுக்குள் வரும் கம்பி மெலிதாகவும் தெருமுனை மின்மாற்றி சிறிதாகவும் இருக்க, ஒரே மாலையில் தெரு முழுவதும் மின்னடுப்பை மூட்டினால் தாங்காது.

சாலையில் இதற்கு மாறான காட்சி தெரிகிறது. 1990-களிலேயே மின்கலத்தில் ஓடும் மூன்று சக்கர ‘சபா டெம்போ’க்கள் காட்மாண்டுவில் ஓடத் தொடங்கின; அவற்றை ஓட்டியவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். பெட்ரோல் வண்டிகளைவிட மின்வண்டிகளுக்கு இறக்குமதி வரியை அரசு வெகுவாகக் குறைத்து வைத்ததால், 2024-இல் நாட்டுக்குள் வந்த புதிய கார்களில் பெரும்பான்மை மின்கார்களாகவே இருந்தன. வரிக் கொள்கையால் சாலையில் முடிந்தது அடுக்களையில் முடியாமற்போக நியாயம் இல்லை.

பிற ஆற்றல்களும் உண்டு. மாட்டுச் சாணத்தைக் கரைத்து மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டுப் பெறும் சாண எரிவாயுவுக்கு 1992 முதல் நெதர்லாந்தின் துணையோடு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுத் தொட்டிகள் கட்டப்பட்டன. ஆயினும் அதையே முதன்மை எரிபொருளாகக் கொண்ட வீடுகள் நூற்றுக்கு ஒன்றையொட்டியே கணக்கெடுப்பில் தென்பட்டன. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் மாடு வளர்ப்போர் குறைந்ததும், குளிரில் வாயு குறைவாகச் சுரப்பதும் இதற்குக் காரணங்கள். நூறு கிலோவாட்டுக்குட்பட்ட சிற்றாற்று நிலையங்கள் தொலைதூர ஊர்களுக்கு முதல் விளக்கைத் தந்தவை. தேசிய மின்கம்பி வந்ததும் கைவிடப்படும் அவற்றை அந்தக் கம்பியோடு இணைக்கும் முயற்சி 2018-இல் 23 கிலோவாட் நிலையம் ஒன்றில் தொடங்கியது. காற்றாலைக்கு வாய்ப்புக் குறைவு. சூரிய ஒளியே மிகுந்த நம்பிக்கை தருவது. ஆறு வற்றும் மாதங்களில்தான் மேகமற்ற வானம் நீடிக்கிறது என்பதால் பகலில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெற்றுக்கொண்டு, இருக்கும் நீரை மாலைக்கு ஒதுக்கலாம்.

நீரை மட்டுமே நம்பியிருப்பதன் ஆபத்தை மலையே பலமுறை காட்டியிருக்கிறது. பனியாறு பின்வாங்கும்போது அது விட்டுச்சென்ற கல்லும் மண்ணும் கரையாக, அதன்பின் உருகுநீர் தேங்கி ஏரியாகிறது. அந்தக் கரை உடைந்தால் வெள்ளம் பள்ளத்தாக்கையே வாரிச்செல்லும். 1985 ஆகஸ்டில் எவரெஸ்ட் பகுதியின் திக் சோ ஏரி அப்படி உடைந்து, கட்டி முடியும் தறுவாயில் இருந்த மின்நிலையத்தை அழித்தது. 2024 செப்டம்பர் பெருமழையில் மேல் தாமாகோசியே சேதமடைந்து நின்றது. பூமி வெப்பமாவதால் இத்தகைய ஏரிகள் பெருகுகின்றன. அந்த வெப்பத்துக்கு நேபாளம் செய்த பங்கு மிகச் சிறிது.

மின்சாரத்தை விற்றுச் செல்வம் சேர்க்கும் கனவை நேபாளம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் விறகுப் புகையில் இருமும் பெண்களின் வீட்டைக் கடந்து மின்சாரம் எல்லைக்குப் போவது நேர்மையான வளர்ச்சி ஆகாது. இனிவரும் ஆண்டுகளில் அரசு செலவிடும் பணத்தில் முதல் உரிமை, ஏற்றுமதிக்கென எழும் புதிய திட்டங்களைவிட, ஊர்களுக்குள் செல்லும் தடித்த கம்பிகளுக்கும் பெரிய மின்மாற்றிகளுக்கும், ஏழை வீட்டு மின்னடுப்புக்கான மானியத்துக்கும், இடம்பெயர்வோருக்கு முறையான நிலம் தந்து கட்டப்படும் குளிர்கால நீர்த்தேக்கங்களுக்குமே உரியது.