மார்பு ஆப்பரேஷன்: முன்னும் பின்னும் தெரிந்திருக்க வேண்டியவை



காய்ச்சல், பாம்புக்கடி, இனிப்புநீர் பற்றி வாய்விட்டுக் கேட்கிற நம் பெண்கள், மார்பைப் பற்றிக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள். மார்பைப் பெரிதாக்கிக்கொள்வது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அது அவரவர் விருப்பம். ஆனால் ஒளித்து மறைத்துச் செய்துகொள்வதில்தான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சிலிகான் பை வைக்கும் ஆப்பரேஷன் முதன்முதலாக நடந்தது. பிறகு அது பெரும்பாலும் பணக்காரர் சங்கதியாகவே இருந்தது. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கும் மார்பு ஆப்பரேஷனை இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தார்கள். புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மறுபடி அமைப்பது, பெருத்துப்போய் முதுகுவலி தருவதைக் குறைப்பது, சிறியதைப் பெரிதாக்குவது எல்லாம் அதில் அடக்கம். இது கிடைக்காவிட்டால் ஏழைகள் கடன் வாங்குவார்கள், அல்லது ஆபத்தான வழிக்குப் போவார்கள் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் காரணம் சொன்னார். அரசுப் பணம் உயிர்காக்கும் வைத்தியத்துக்குப் போகட்டும் என்று எதிர்த்தவர்களும் உண்டு.

அமைச்சர் சொன்ன அந்த இரண்டு ஆபத்தும் நமக்கும் உண்டு. ஆலோங்கிடம் கடன் வாங்குவது ஒன்று. அழகு நிலையத்தில் மலிவாக முடிப்பது இன்னொன்று. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராசில், அழகு நிலையமொன்றில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் இறந்தே போனார். மார்பில் ஊசியால் சிலிகான் திரவம் ஏற்றினால் அது கட்டி தட்டும். இரத்தக் குழாயில் புகுந்தால் நுரையீரலையும் அடைக்கும். ஏற்றிய பிறகு முழுவதும் வெளியே எடுக்க வழியில்லை.

ஆப்பரேஷனுக்கு முன்

முதலில், செய்யப் போகிறவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற டாக்டர்தானா, பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. வளர்ச்சி முடியாத வயசிலும், கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும் செய்யக்கூடாது.

டாக்டர் மார்பைச் சோதிப்பார், இரத்தம் எடுப்பார். நாற்பதைத் தாண்டியவருக்கு மேமோகிராம் படமும் எடுக்கச் சொல்லலாம். இனிப்புநீர், இரத்த அழுத்தம், இழுப்பு இருந்தால் மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், வலி மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். சிலது இரத்தம் உறையாமல் செய்யும். சிகரெட்டையும், வெற்றிலையோடு போடும் புகையிலையையும் சில வாரங்களுக்கு முன்பே விட வேண்டும். இல்லையென்றால் காயம் ஆறாது.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். முழு மயக்கம் கொடுத்து, மார்புக்கு அடியிலோ, காம்பைச் சுற்றியோ, அக்குளிலோ கீறி, பையை உள்ளே வைத்துத் தைப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

ஆப்பரேஷனுக்குப் பின்

முதல் சில நாள் நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல இறுக்கமும் வலியும் இருக்கும். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். காம்பில் உணர்ச்சி குறையலாம். சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம்.

நம் வேலைதான் பெரிய சிக்கல். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். பால்மரம் சீவுவது, உதிரிப்பழ மூட்டை தூக்குவது, முதுகில் மருந்துப் பம்பு சுமப்பது இதெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் ஆகாது. பம்பு வார் நெஞ்சை அழுத்தும். கையை மேலே தூக்கினால் தையல் இழுக்கும். வீட்டில் தண்ணீர் வாளி தூக்குவதும், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பதும் கூடாது. அத்தனை நாள் சம்பளம் என்னாகும், விடுப்பு உண்டா என்று முன்கூட்டியே கிராணியிடமும் சங்கத் தலைவரிடமும் விசாரியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல், சிவப்பு, சீழ் கண்டாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்கோ, சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அவசரத்துக்கு 999.

வருஷங்கள் போன பிறகு

இந்தப் பை ஆயுள் முழுக்க நிற்கும் சாமான் அல்ல. கல் மாதிரி இறுகலாம், கிழியலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடியும் ஆப்பரேஷன் தேவைப்படுகிறவர் பலர். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு ஆகாத சிலிகானை அடைத்து விற்றது 2010-ல் அம்பலமானது. சொரசொரப்பான மேல்புறம் கொண்ட சில பைகள், அபூர்வமான ஒருவகைப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டதால் 2019-ல் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பையின் பெயர், எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பலரால் பிறகு தாய்ப்பால் கொடுக்க முடியும். சிலருக்குப் பால் குறையலாம். பை வைத்தவருக்கும் மார்புப் புற்றுநோய் வரலாம். மேமோகிராம் எடுக்கும்போது பை இருப்பதைச் சொன்னால் கூடுதல் படம் எடுப்பார்கள்.

மார்பு இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மறுபடி அமைத்துக்கொள்வது ஆடம்பரமல்ல. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடமே தாராளமாகக் கேட்கலாம். மற்றவர்களும் பணம் கட்டுவதற்கு முன்னால், தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது.