செம்பை ஒட்டப் பச்சை ஒளி எதற்கு?

வீட்டில் இருக்கும் ஒரு செம்பைப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் பிடித்துப் பாருங்கள். செந்நிறமாக மின்னும். வெள்ளை ஒளியிலுள்ள சிவப்பையும் செம்மஞ்சளையும் செம்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. பச்சையிலும் நீலத்திலும் கணிசமான பங்கைத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. பற்றரித் தொழிற்சாலைகளை நீண்டகாலம் தொல்லைப்படுத்திய ஒரு சிக்கலுக்கான விடையும் இந்த நிறத்திலேயே இருக்கிறது.

உலோகத்தை வெட்டவும் ஒட்டவும் இன்று பரவலாகப் பயன்படுவது ஃபைபர் லேசர். இற்றர்பியம் என்ற தனிமம் சிறிதளவு சேர்த்த மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியைப் பெருக்கி எடுக்கும் கருவி இது. அதிலிருந்து வருவது ஏறத்தாழ 1,070 நனோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். உருக்கை இலகுவாக வெட்டும் இந்தக் கதிர், குளிர்ந்த, துலக்கிய செம்பில் பட்டால் ஏறத்தாழ 95 வீதம் திரும்பிப் போய்விடும்.

மிகுதி 5 வீதத்தால் செம்பை உருக்க வேண்டுமானால் லேசரின் வலுவைக் கூட்ட வேண்டும். ஆனால் செம்பு உருகிக் குழி விழுந்ததும், கதிர் அந்தக் குழிக்குள்ளேயே பலமுறை மோதுகிறது. உறிஞ்சப்படும் அளவு சடுதியாக உயர, உருகிய செம்பு துளிகளாகச் சிதறுகிறது. ஒட்டுக்குள் துவாரங்கள் விழுகின்றன.

இது சிறிய குறையல்ல. லிதியம் அயன் பற்றரிக்குள் இருக்கும் செப்புத் தாள்களின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவே. பல தாள்களை அடுக்கி ஒட்டும்போது ஒட்டு பழுதானால், அந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறும். சிதறிய துளியொன்று கலத்துக்குள் சிக்கினால் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றவும் கூடும்.

515 முதல் 532 நனோமீற்றர் வரையான பச்சைக் கதிரில் ஏறத்தாழ 40 வீதத்தை அதே செம்பு உறிஞ்சுகிறது. எனவே குறைந்த வலுவுடனேயே உருகல் சீராகத் தொடங்குகிறது, சிதறலும் குறைகிறது. தூய செம்புத் தூளைக் கொண்டு முப்பரிமாண அச்சில் பாகங்கள் செய்யவும் பச்சை லேசர் உதவுவது இதனால்தான்.

இற்றர்பியம் நேரடியாகப் பச்சையைத் தருவதில்லை. செந்நிறக்கீழ்க் கதிரை லிதியம் ட்ரைபோரேற்றுப் போன்ற ஒரு பளிங்கினூடாகச் செலுத்தினால், இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒன்றாகி அலைநீளம் பாதியாகும். 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கனும் சகாக்களும் இந்த விளைவை முதலில் காட்டினர். அவர்களின் சான்றான மங்கிய புள்ளியை அழுக்கு என நினைத்து, அச்சிடுகையில் நீக்கிவிட்டார்கள் என்பது இயற்பியலாளர்களிடையே பிரபலமான கதை.

இந்த மாற்றத்தில் சக்தியின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. பளிங்கின் வெப்பநிலையையும் மாறாமல் காக்க வேண்டும். அதனால் கருவியின் விலை அதிகம். ஆழமான ஒட்டுகளில், குழி விழுந்த பின் செந்நிறக்கீழ்க் கதிரும் நன்றாகவே வேலை செய்யும். நீல லேசர்களும் போட்டிக்கு வந்துவிட்டன. ஆகவே எல்லா வேலைக்கும் பச்சை தேவையில்லை.

லேசர் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடிகள் குறிப்பிட்ட அலைநீளங்களுக்கென்றே செய்யப்படுகின்றன. செந்நிறக்கீழ்க் கதிருக்கான கண்ணாடி பச்சைக் கதிரைத் தடுக்காமல் விடலாம். செம்பு திருப்பி அனுப்பும் மிகுதி 60 வீதம் கண்ணில் பட்டால் விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கண்ணாடியில் பொறித்திருக்கும் எண்ணை வாசித்துவிட்டே கருவியை இயக்க வேண்டும்.