நடமாடும் வாகனக் கழுவலுக்கான உயர் அழுத்த நீர்க்கருவிகள்: வடசென்னைச் சூழலில் தேர்வு

உயர் அழுத்த நீர்க்கருவி என்பது, சாதாரண நீரை மோட்டார் அல்லது எஞ்சினால் இயங்கும் பம்பினால் அழுத்தி, மிகச் சிறிய துளையுள்ள நாசில் வழியே பீய்ச்சி அடிக்கும் பொறி ஆகும். பேச்சு வழக்கில் இது பிரஷர் வாஷர் என்றே அழைக்கப்படுகிறது. வாட்டர் வாஷ் நிலையங்களில் தரையில் பொருத்தப்பட்ட பெரிய பொறிகள் உண்டு. வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே சென்று காரைக் கழுவித் தரும் நடமாடும் தொழிலுக்கு அவை உதவா. வண்டியில் ஏற்றத்தக்க எடை, கிடைக்கும் மின்சாரம், உடன் எடுத்துச் செல்லும் நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தே இங்கு பொறியைத் தீர்மானிக்கின்றன. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர் நான்காவதாக ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது அப்பகுதியின் அழுக்கு.

வடசென்னையின் அழுக்கு

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நிற்கும் வாகனங்களின் மேல் உப்பு படிகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே மீன் வண்டிகளிலிருந்து சிந்தும் உப்புநீரும் சேர்கிறது. வடக்கே செல்லச் செல்ல நிலக்கரித் தூளும் சாம்பலும் மிகுதி. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியபோது, அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது; இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது உயர்நீதிமன்ற ஆணையின் பேரில் 2011-இல் நின்றபின், நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் சென்றது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் உள்ளன. கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் கிளப்பும் சாலைப் புழுதி தனி.

நிலக்கரித் தூளும் சாம்பலும் நுண்ணிய, கடினமான துகள்கள். ஈரத்துணியால் நேரடியாகத் துடைத்தால் அவை உப்புத்தாள் போலப் பெயிண்டைக் கீறிவிடும். வெயிலில் பார்க்கும்போது காரின் மேல் சிலந்தி வலை போலத் தெரியும் கோடுகள் பெரும்பாலும் இப்படி உண்டானவையே. ஆகவே கை படுவதற்கு முன் நீரே அத்துகள்களை அகற்றிவிட வேண்டும். இப்பகுதியில் இக்கருவியின் முதல் வேலை அதுதான்.

அழுத்தமும் நீரோட்டமும்

அழுத்தம் பார் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல் மட்டத்தில் காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம். பி.எஸ்.ஐ. அலகில் அது 14.5. கார் டயரில் அடைக்கப்படும் காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது 2.2 பார் என்று கொண்டால், 100 பார் பொறி அதைப் போல 45 மடங்கு அழுத்தம் தருகிறது. நீரோட்டம் நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று குறிக்கப்படும்.

அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கிறது. நீரோட்டம் பெயர்ந்ததை அடித்துச் செல்கிறது. வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். கார் பெயிண்டிற்கு 80 முதல் 110 பார் போதும். அதற்கு மேல் போனால், முன்பே விரிசல் கண்ட பெயிண்டும் ஸ்டிக்கரும் உரிந்து வரும். நீரோட்டம் நிமிடத்திற்கு 7 முதல் 9 லிட்டர் வரை இருப்பது நல்லது. 150 பாரும் 5 லிட்டரும் தரும் பொறியைவிட, 100 பாரும் 8 லிட்டரும் தரும் பொறியே சாம்பல் படிந்த காருக்கு ஏற்றது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா என்பதைக் கடையில் நின்றபடியே ஒரு சிறு கணக்கால் அறியலாம். பாரை நிமிட லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், நீருக்குச் சென்று சேரும் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 100 பார், 8 லிட்டர் என்றால் 1.33 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 1.8 கிலோவாட் மோட்டார் தேவைப்படும்; இது பொருந்தி வருகிறது. அதே 1,800 வாட் மோட்டாரை வைத்துக்கொண்டு "180 பார், 10 லிட்டர்" என்று பெட்டி சொன்னால், கணக்குப்படி 3 கிலோவாட் வருகிறது. உள்ளே போகும் மின்சாரத்தைவிட வெளியே வரும் ஆற்றல் கூடுதலாக இருக்க வழியில்லை. உச்ச அழுத்தமும் உச்ச நீரோட்டமும் வெவ்வேறு நிலைகளில் அளக்கப்பட்டு அருகருகே அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதே பொருள். "மேக்ஸ்" என்ற சொல்லின் பக்கத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, "ரேட்டட்" என்பதைப் பார்க்க வேண்டும். நீரோட்டத்தைச் சரிபார்க்க 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும்.

மோட்டாரும் பம்பும்

மலிவான பொறிகளில் கார்பன் பிரஷ் கொண்ட யுனிவர்சல் மோட்டார் இருக்கும். எடை குறைவு, சத்தம் அதிகம், வேகமாகச் சுழலும், விரைவில் சூடேறும். வாரம் ஒருமுறை சொந்தக் காரைக் கழுவுவோருக்கு அது போதுமானது. நாள்தோறும் ஐந்தாறு கார் கழுவினால் சில மாதங்களிலேயே கார்பன் தேயும், பிறகு காயில் கருகும். இன்டக்‌ஷன் மோட்டாரில் கார்பன் கிடையாது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,800 சுற்று என நிதானமாக ஓடும். விலையும் எடையும் கூடுதல். ஆனால் பழுதானால் எந்த மோட்டார் கடையிலும் காயில் கட்டிக்கொள்ளலாம். தொழிலுக்கு என்றால் இன்டக்‌ஷன் மோட்டாரே சரி. பணம் போதாதென்று முதலில் மலிவானதை வாங்கி, ஆறு மாதத்தில் இரண்டாவதையும் வாங்குவோர் உண்டு. இரண்டின் விலையையும் கூட்டினால் நல்ல பொறி ஒன்றின் விலையை நெருங்கிவிடும்.

பம்பின் தலை பிளாஸ்டிக், அலுமினியம், பித்தளை ஆகிய மூன்றில் ஒன்றால் ஆனதாக இருக்கும். உப்பு கலந்த நீர் அலுமினியத்தை அரிக்கும். இப்பகுதிக்குப் பித்தளைத் தலையே ஏற்றது.

துப்பாக்கி விசையை விட்டவுடன் மோட்டார் தானே நின்றுவிடும் அமைப்பு உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். இல்லாத பொறிகளில் நீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகி, சீல்களைக் கெடுத்துவிடும்.

மின்சாரம்

பலரும் வாங்கிய பிறகே யோசிக்கும் விஷயம் இது. 1,800 வாட் பொறி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக்கூடாது, ஏ.சி., கீசர் போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் பிளக் வேண்டும். இராயபுரத்தின் பழைய வீடுகளில் அந்தப் பிளக் உள்ளறையில் இருக்கும், கார் தெருமுனையில் நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்க வேண்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கட்டும். சுருளாகச் சுற்றியபடியே பயன்படுத்தினால் வெப்பம் வெளியேறாமல் உறை உருகும். முழுவதையும் பிரித்துவிட வேண்டும்.

நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் புழங்கும் தொழில் இது. வாடிக்கையாளர் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை, தம் சொந்த ஜங்ஷன் பாக்ஸிலேயே பொருத்தி எடுத்துச் செல்வது அவசியம். நாசிலையும் நுரைக்குடுவையையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்; இதைத் தள்ளிப்போடலாகாது.

சொந்த மின்சாரத்தை எடுத்துச் செல்வது மற்றொரு வழி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டில் 3,600 வாட்-மணி அடங்கும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். எனவே கணக்கில் வருவது 1,800 மட்டுமே. இன்வெர்ட்டர் இழப்புப் போக ஏறத்தாழ 1,400 எஞ்சும். அது 1,800 வாட் பொறியை முக்கால் மணி நேரம் ஓட்டும். ஒரு காருக்கு விசை அழுத்தும் நேரம் 8 நிமிடம் எனில் ஐந்து கார். இன்டக்‌ஷன் மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால், வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. ஜெனரேட்டருக்கும் இதே சிக்கல் உண்டு. பெட்ரோல் எஞ்சினோடு பம்ப் இணைந்த பொறிக்கு வயரே வேண்டாம். ஆனால் அதன் சத்தம் காலை ஆறு மணிக்குத் தெருவையே எழுப்பிவிடும். அடித்தளக் கார் நிறுத்தங்களில் அதை இயக்கவே கூடாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

நீர்

ஓஸ் பைப்பால் நிமிடத்திற்கு 15 லிட்டர் வீதம் கால் மணி நேரம் கழுவினால் 225 லிட்டர் செலவாகும். 8 லிட்டர் பொறியை 8 நிமிடம் இயக்கினால் 64 லிட்டர். சோப்பு வாளிகளைச் சேர்த்தாலும் 80-ஐத் தாண்டாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிய 2019 கோடையில், குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருவில் கார் கழுவ யாராலும் முடிந்திருக்காது. அத்தகைய ஆண்டு மீண்டும் வரும் என்று வைத்துக்கொண்டே தொட்டியின் அளவையும் கழுவும் முறையையும் திட்டமிட வேண்டும்.

ஐந்து காருக்கு 400 லிட்டர் என்றால் 400 கிலோ எடை. குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் முக்கால் டன் அளவுக்குப் பாரம் ஏற்றும். தொட்டி, பேட்டரிகள், பொறி, உதவியாள் எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று சக்கர வண்டியில் 200 லிட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாதி காலியான தொட்டியில் நீர் அலைமோதி, திருப்பங்களில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சிறிய தொட்டிகள் வைத்தால் இச்சிக்கல் குறையும். தொட்டியிலிருந்து தானே நீரை உறிஞ்சும் திறன் பொறிக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும். பல பொறிகள் குழாய் அழுத்தத்தோடு வரும் நீருக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குத் தொட்டியைப் பம்பைவிட உயரத்தில் வைக்க வேண்டும்.

நீரின் தரம் இங்கு பெரிய சிக்கல். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் பல பத்தாண்டுகளாகவே கடல்நீர் உட்புகுந்துள்ளது. கடற்கரைத் தெருக்களின் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. அந்நீரால் கழுவிய கார் காய்ந்ததும் வெண்புள்ளிகள் தோன்றும். கறுப்புக் காரில் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடைசி அலசலுக்கும் அந்த எல்லையையே கொள்ளலாம். எல்லா நீரும் நன்னீராக இருக்க வேண்டியதில்லை. முதல் அலசலுக்குச் சுமாரான போர் தண்ணீரும், இறுதி அலசலுக்கு 10 அல்லது 15 லிட்டர் நன்னீரும் என்று பிரித்துக்கொண்டால் செலவு அடங்கும்.

நாசிலும் எண்ணெய்க் கறையும்

நாசில்கள் நிறத்தால் அடையாளம் காணப்படுகின்றன. சிவப்பு, ஊசி போன்ற நேர்த்தாரை, காருக்கு ஆகாது. மஞ்சள் 15 பாகை விரிவு. சக்கர வளைவின் உட்புறச் சேற்றுக்கு உதவும். பச்சை 25 பாகை, வெள்ளை 40 பாகை, பெயிண்டிற்கு இவ்விரண்டே. கறுப்பு, சோப்புக்கானது. எதுவானாலும் ஓர் அடித் தொலைவாவது விட்டு அடிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நெருங்கி அடித்தால் ரப்பர் உள்ளூரச் சிதையும். அது அப்போது தெரியாது, பிறகு சாலையில் வெடிக்கும்.

எண்ணெய்க் கறையை அழுத்தம் மட்டும் போக்காது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும், படிந்த பிசுக்கு எளிதில் போகவில்லை. குளிர்ந்த நீர் எண்ணெயை இடம் மாற்றுமே தவிர கரைக்காது. சுடுநீர்ப் பொறிகள் இதற்கென்றே உண்டு. செருமனியின் கார்ச்சர் நிறுவனம் 1950-இலேயே அத்தகைய பொறியை உருவாக்கியது. ஆயினும் டீசல் அடுப்போடு கூடிய அக்கனத்த பொறி லாரிப் பணிமனைக்கே பொருந்தும். நடமாடும் தொழிலில் கறைநீக்கித் திரவத்தைத் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு அலசுவதே நடைமுறை. அந்த நீரை மழைநீர் வடிகாலில் விடக்கூடாது. இப்பகுதியின் வடிகால்கள் பல பக்கிங்காம் கால்வாய்க்கோ கடலுக்கோ செல்பவை.

வாங்குமிடமும் பாதுகாப்பும்

முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். அத்தொகைக்குள் பொறி, ஆர்.சி.சி.பி., வயர், ஓஸ், தொட்டி ஆகியவற்றை அடக்கலாம், வண்டி அடங்காது. இணையத்தில் விலை சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் சீல் கிட், ஓ-ரிங், துப்பாக்கி ஆகியவை தனியே கிடைக்காத பொறி, முதல் கசிவிலேயே பழைய இரும்பாகிவிடும். பாரிமுனை செம்புதாஸ் தெருக் கடைகளில், பொறியை இயக்கிக் காட்டச் சொல்லி, உதிரி பாகங்களை மேசைமேல் வைக்கச் சொல்லி வாங்குவதே மேல்.

விளையாட்டாகவும் எவர் மீதும் துப்பாக்கியைத் திருப்பலாகாது. தாரை தோலைத் துளைத்து அழுக்குநீரைத் தசைக்குள் செலுத்திவிடும். வெளியே தெரிவது குண்டூசி முனை அளவுக் காயம்தான். உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குச் சேதம் நேரலாம். வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனி நிலையம் கொண்ட ஸ்டான்லி அரசு மருத்துவமனை இராயபுரத்தை ஒட்டியே உள்ளது.

நாள் முடிவில் இரண்டு நிமிடம் நன்னீரை மட்டும் ஓடவிட்டு, பிறகு மோட்டாரை நிறுத்தி, துப்பாக்கி விசையை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். நீர் நுழையும் வாயிலில் உள்ள வலைவடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். உப்புநீரைப் பயன்படுத்திய நாட்களில் வாரக்கணக்கு பாராமல் அன்றே கழுவிவிடுவது நல்லது.